மரப்பெட்டியும் தோளும்: ஒரு கைத்துப்பாக்கி கார்பைன் ஆகும் வரலாறு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் காற்றுப் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறான். சென்ற மாதம் ஒரு மாலை, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பிளாஸ்டிக்கால் ஆன ஒரு கூடு. பின்னால் தோளில் ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. கைத்துப்பாக்கியை அதனுள் செருகினால் கார்பைன் என்றது விளம்பரம். இலக்கைச் சுடுவதற்கு வசதியானது என்றும் சொன்னது. அவன் கேட்ட கேள்வி இது: “அக்கா, இத மாட்டுனா பிஸ்டல் ரைஃபிளா ஆயிடுமா?”

மொழியியல் படித்தவளுக்கு அந்த ‘ஆயிடுமா’ உறுத்தியது. தமிழில் ‘ஆகு’ வேறு, ‘ஆக்கு’ வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒரு பொருள் தானே மற்றொன்று ஆகிறதா, அல்லது ஒருவர் அதை மற்றொன்றாக ஆக்குகிறாரா? விளையாட்டுக்காரனின் ஐயம் போலத் தோன்றும் இதன் மீது ஓர் உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியிருக்கிறது. நம் நாட்டில் ஒரு காலனிய விசாரணைக் குழுவின் அறிக்கையில் இது இடம்பெற்றிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நம் ஆயுதச் சட்டத்தில் ஒரு தொடர் சேர்ந்ததும் இதைப் பற்றித்தான். அவனுக்கு அன்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். முழுப் பதில் இங்கே.

முதலில் பெயர்கள். ‘துப்பாக்கி’ நமக்குத் துருக்கியத் ‘துஃபெக்’ வழியாக, பாரசீகத்தையும் தக்காணத்தையும் கடந்து வந்த சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘துபாகி’. கன்னடத்துக்குக் குழல் என்று பொருள்படும் ‘கோவி’ என்ற தனிச்சொல்லும் உண்டு. தமிழில் பிஸ்டலுக்குக் ‘கைத்துப்பாக்கி’ என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் நல்ல கூர்மை உள்ளவர். கருவியை அதன் பொறியமைப்பால் குறிக்காமல், அது உடலின் எந்த உறுப்போடு சேர்கிறது என்பதால் குறித்தார். கையில் நிற்பது கைத்துப்பாக்கி. அப்படியானால் தோளில் நிற்பது? அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. ரைஃபிள், கார்பைன் என்று கடன்வாங்கிக்கொண்டோம். தோளில் ஊன்றும் பகுதியைக் காவலர்கள் ‘பட்’ என்கிறார்கள்; நாளேடுகள் ‘துப்பாக்கிக் கட்டை’ என்று எழுதுகின்றன. இக்கட்டுரையில் ‘தோள்கட்டை’ என்கிறேன்.

கார்பைன் என்பது பிரெஞ்சிலிருந்து ஐரோப்பா எங்கும் பரவிய, குதிரைப்படையின் சொல். காலாட்படையின் நீண்ட துப்பாக்கியைச் சேணத்தின் மேலிருந்து கையாள முடியாது. ஆகவே குழலைக் குறுக்கினார்கள். அதாவது கார்பைன் என்றால் குறுகிய ரைஃபிள். இந்தியாவிலோ இச்சொல் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் இயந்திரத் துப்பாக்கியை உரிமம் பெற்றுக் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்தபோது அதற்கு ‘9 மி.மீ. கார்பைன் 1ஏ1’ என்று பெயரிட்டார்கள். அது சுடுவது பிஸ்டலுக்கு உரிய 9 மி.மீ. தோட்டா. எனவே நம் காவல் நிலையங்களிலும் ராணுவத்திலும் ‘கார்பைன்’ என்றால், பிஸ்டல் தோட்டாவைத் தோளிலிருந்து தொடராகச் சுடும் கருவி. ஐரோப்பாவில் ரைஃபிள் குறுகிக் கார்பைன் ஆயிற்று. இந்தியாவில் பிஸ்டல் நீண்டு கார்பைன் ஆயிற்று என்று சொன்னால் சற்று மிகைதான், ஆனாலும் பொய்யில்லை.

கைத்துப்பாக்கிக்குத் தோள்கட்டை பொருத்தும் எண்ணம் இந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்கு மிகவும் மூத்தது. அமெரிக்க ராணுவம் 1855-இல் தன் குதிரை வீரர்களுக்காகக் கழற்றி மாட்டக்கூடிய கட்டையோடு ஒரு பிஸ்டலைச் செய்தது. குதிரை மேல் இருக்கும்போது பிஸ்டல். இறங்கி நின்றால் கட்டையை மாட்டிக் கார்பைன். காரணம் எளிது. கையை நீட்டிச் சுடுபவரின் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மூன்று மூட்டுகளும் தனித்தனியே அசைகின்றன. தோளில் ஒரு கட்டையை ஊன்றி, கன்னத்தை அதன் மேல் வைத்து, இரு கைகளாலும் பிடித்தால் அந்த அசைவு பெருமளவு அடங்கிவிடும். குழலை நீட்டுவதால் கிடைக்கும் ஆதாயம் இதைவிடக் குறைவு. பிஸ்டல் தோட்டாவில் உள்ள மருந்து கொஞ்சம், அது குறுகிய குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. கைத்துப்பாக்கியைக் கார்பைன் ஆக்குவது முதன்மையாகத் தோள்தான்.

இந்த எண்ணம் உலகப் புகழ் பெற்றது ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் நிறுவனம் 1896-இல் வெளியிட்ட சி96 பிஸ்டலால். விசைக்கு முன்னால் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அறை, 7.63 மி.மீ. குழல், துடைப்பக் கைப்பிடியைப் போன்ற உருண்டைப் பிடி. அதன் உறை தோலால் ஆனதன்று. குடைந்த மரத்தால் ஆன பெட்டி. பிஸ்டலை வெளியே எடுத்து, வெறும் பெட்டியின் முனையைப் பிடியின் பின்புறத்துக் காடியில் செருகினால் பெட்டியே தோள்கட்டை. பின்குறியில் 1,000 மீட்டர் வரை அளவு பொறித்த வகைகளும் இருந்தன. அது தொழிற்சாலையின் நம்பிக்கையே தவிர, சுடுபவரின் அனுபவமாக இருந்திருக்காது. ஆங்கிலேயர் இக்கருவியைத் துடைப்பக் கைப்பிடி என்று கேலியாக அழைத்தார்கள். சீனர்களோ ‘பெட்டித் துப்பாக்கி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிடியைப் பார்த்துப் பெயரிட்டவர்களுக்கு அது கைத்துப்பாக்கியாகவே நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்துப் பெயரிட்டவர்கள்தாம் அதன் இரண்டாவது பிறவியைக் கண்டவர்கள்.

இந்தக் கருவியின் கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. அது சிறியது, தற்செயலானது. 1896 அக்டோபரில் பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்கும்போது படிக்கட்டின் இரும்பு வளையத்தைப் பற்றிய ஓர் இருபத்தொரு வயது இளைஞனுக்கு வலத் தோள் பிசகியது. நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையின் இளநிலை அதிகாரியான அவர் அங்கிருந்து பெங்களூர்த் தண்டுக்கு வந்து சேர்ந்தார். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். ரெசிடென்சி சாலையில் உள்ள இன்றைய பெங்களூர் கிளப் வைத்திருக்கும் பழைய பேரேட்டில் அவர் கட்டாமல் விட்ட 13 ரூபாய் வாராக்கடனாகப் பதிவாகியிருப்பதை இவ்வூரில் எல்லோரும் சொல்வார்கள். தோளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்தத் தோள் பிறகு முழுமையாகச் சரியாகவே இல்லை. வாள் வீசுவதை அவர் நம்ப முடியவில்லை. ஆகவே 1898 செப்டம்பர் 2-ஆம் நாள் சூடானின் ஓம்துர்மானில் இருபத்தொன்றாம் லான்சர் படையோடு பாய்ந்தபோது வாளை உறையிலிட்டுவிட்டு, லண்டனில் வாங்கியிருந்த மவுசர் சி96-ஐக் கையில் எடுத்தார். தோளில் ஊன்றக் கட்டை கொண்ட பிஸ்டல், தோள் பழுதான ஒருவருக்குக் கைக்கருவியாகப் பயன்பட்டது என்பதை வரலாற்றின் குறும்பு என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அவர் எந்த நாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். லிட்டன் காலத்தின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. சர்ச்சிலின் மவுசர் ஓர் அதிகாரியின் உடைமை. அதே மவுசர் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் ஒரு பேரரசின் கவலை.

1914 ஆகஸ்ட் 26. ஆர். பி. ரோடா என்ற கல்கத்தா ஆயுத வணிக நிறுவனத்துக்குக் கப்பலில் 202 பெட்டிகள் வந்திருந்தன. அவற்றைச் சுங்கத்திலிருந்து எடுத்துவர நிறுவனத்தின் ஊழியர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா அனுப்பப்பட்டார். அவர் 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்துவிட்டு, மீதியைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார், திரும்பவில்லை. ஒரு மாட்டு வண்டியில் திசைமாறிப்போன அந்தப் பத்துப் பெட்டிகளில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வண்டியை ஓட்டியவர் வண்டிக்காரராக வேடமிட்ட புரட்சியாளர் ஹரிதாஸ் தத்தா. சில நாள்களுக்குள் 44 பிஸ்டல்கள் வங்காளத்தின் ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் பிரிந்து சென்றுவிட்டன. பிறகு நடந்த 54 நிகழ்வுகளில், அதாவது கொள்ளை, கொலை அல்லது அவற்றுக்கான முயற்சிகளில், இவை பயன்பட்டன என்று அரசு கணக்கிட்டது.

இந்த எண்களைத் தருவது 1918-ஆம் ஆண்டின் ராஜதுரோகக் குழு அறிக்கை; ரௌலட் அறிக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசுவாமி சாஸ்திரி அதில் கையெழுத்திட்ட உறுப்பினர்களுள் ஒருவர். ரோடா நிகழ்வைச் சொல்லும் பத்தியில் எண்களுக்கு நடுவே குழு ஒரு நுட்பத்தைப் பதிவுசெய்கிறது: பிஸ்டல் வைக்கப்பட்டிருந்த பெட்டியை அதன் பிடியில் பொருத்தினால், ரைஃபிளைப் போலவே தோளிலிருந்து சுடக்கூடிய ஆயுதம் கிடைத்துவிடும் என்று. சட்ட வல்லுநர்களும் நிர்வாகிகளும் அடங்கிய ஒரு குழு, ஒரு மர உறையைப் பற்றி எழுத ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்? ஐம்பது கைத்துப்பாக்கிகள் களவு போயின என்பதை அவர்கள் ஐம்பது ரைஃபிள்களும் களவு போயின என்று படித்தார்கள் என்பதே என் வாசிப்பு. வேட்டிக்குள்ளும் போர்வைக்குள்ளும் மறையக்கூடிய ஒன்று, வேண்டிய இடத்தில் ரைஃபிளாக நீள்கிறது. காவல் துறைக்கு அதுவரை இருந்த கணக்கு எளிமையானது: மறைக்க முடிவது தொலைவு போகாது, தொலைவு போவதை மறைக்க முடியாது. மரப்பெட்டி அந்தக் கணக்கைக் கலைத்தது.

1915 செப்டம்பர் 9-இல் ஒடிசாவின் பாலசோர் அருகே பாகா ஜதீனும் அவருடைய நான்கு தோழர்களும் மவுசர்களைக் கொண்டு, ரைஃபிள்களோடு வந்த காவல் படையை ஒரு மணி நேரத்துக்கும் மேல் எதிர்த்து நின்றார்கள். ஜதீன் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். நம் பாடநூல்கள் ‘கைத்துப்பாக்கிகளுடன் போரிட்டனர்’ என்று எழுதும்போது மாணவர் மனத்தில் எழுவது ஒரு சிறு பாக்கெட் பிஸ்டல். அந்தச் சித்திரத்தோடு படித்தால் இச்சண்டையின் தொலைவும் புரியாது, நேரமும் புரியாது.

ஒப்பிட மணியாச்சி இருக்கிறது. 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள் ஏறி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால். பெல்ஜியத்தில் செய்யப்பட்டது, பாக்கெட்டில் அடங்குவது, மிக நெருக்கத்தில் பயன்படுவது. அதற்குத் தோள்கட்டை தேவையில்லை. வ. வே. சு. ஐயர் புதுச்சேரியில் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்பது ரௌலட் அறிக்கையிலும் வருகிற செய்தி. பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது. ‘இலக்கைச் சுடுதல்’ என்ற, இன்று விளையாட்டாக மட்டுமே ஒலிக்கும் தொடருக்குத் தமிழ்நாட்டில் இப்படியும் ஒரு முன்கதை உண்டு என்பதால் இதைச் சொன்னேன். மணியாச்சிக்கும் பாலசோருக்கும் இடையே நான்கு ஆண்டுகள். ‘கைத்துப்பாக்கி’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது.

இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும். இலக்குச் சுடுதலுக்காகக் கைத்துப்பாக்கியைக் கார்பைன் ஆக்கும் வணிகம் பெரிதாக வளர்ந்ததும், அதன் இலக்கணத்தைப் பற்றி வழக்கு நடந்ததும் அங்கேதான்.

அங்கே 1934-இல் வந்த தேசிய சுடுகருவிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிகளோடு குறுங்குழல் ரைஃபிள்களுக்கும் 200 டாலர் வரியும் பதிவும் விதித்தது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளைக் குறுக்கி மறைத்துக்கொண்டு அந்த விதியிலிருந்து யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே குறுங்குழல் ரைஃபிள் என்ற வகை சேர்க்கப்பட்டது. பிறகு கைத்துப்பாக்கிகள் வரைவிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுக்குக் காவலாக வைத்த வகை மட்டும் தங்கிவிட்டது. வீட்டை விற்ற பிறகும் நிற்கும் வேலியைப் போல. இதன் விளைவு விசித்திரமானது. பிஸ்டல் வைத்திருக்கலாம், நீண்ட ரைஃபிளும் வைத்திருக்கலாம்; ஆனால் பிஸ்டலின் குறுகிய குழல் அப்படியே இருக்கத் தோள்கட்டையை மட்டும் பொருத்தினால் அது குறுங்குழல் ரைஃபிள், கடும் குற்றம். இன்று எல்லைக்கோடு 16 அங்குலக் குழல்.

நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த தாம்சன்/சென்டர் நிறுவனம் ‘கன்டெண்டர்’ என்ற, ஒரு தோட்டா மட்டும் கொள்ளும் பிஸ்டலைச் செய்துவந்தது. இலக்குச் சுடுபவர்களும் வேட்டையாடுபவர்களும் விரும்பிய கருவி. அதைக் கார்பைன் ஆக்க ஒரு தொகுப்பையும் விற்றது: 21 அங்குலக் குழல், ஒரு தோள்கட்டை. இரண்டையும் பொருத்தினால் சட்டத்துக்கு உட்பட்ட ரைஃபிள். ஆனால் பெட்டியில் இருக்கும் தோள்கட்டையைப் பிஸ்டலின் பழைய 10 அங்குலக் குழலோடும் பொருத்த முடியுமே? ஆகவே பிஸ்டலையும் தொகுப்பையும் சேர்த்து வைத்திருப்பதே குறுங்குழல் ரைஃபிளை ‘ஆக்குவது’தான் என்றது அரசு. நிறுவனம் ஒரே ஒரு கருவிக்கு 200 டாலர் வரி கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தது. 200 டாலருக்கான வழக்கு 1992-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நிறுவனம் வென்றது. ‘ஆக்குதல்’ என்ற சொல்லின் எல்லை இங்கே ஐயத்துக்கு இடமளிக்கிறது. தண்டனைச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் அது குடிமகனுக்குச் சாதகமாக வேண்டும் என்பது தலைமைக் கருத்தை எழுதிய நீதிபதி சூட்டரின் முடிவு. சுருங்கச் சொன்னால், நல்ல பயன் ஒன்று இருக்கும்போது பொருத்தப்படாத உறுப்புகள் தாமாகவே வேறொன்று ஆகிவிடுவதில்லை. ஒருவர் ஆக்க வேண்டும். எங்கள் தெரு மாணவன் தன்வினையில் கேட்ட கேள்விக்கு அமெரிக்கா பிறவினையில் விடை சொல்லியிருக்கிறது.

இந்தியச் சட்டம் இன்னொரு வழியில் வந்தது. விடுதலைக்குப் பிந்தைய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதையும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் தடுத்தது. நீட்டுவதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. உருமாற்றம் செய்வதற்கான பொது உரிமம் ஐந்தாம் பிரிவின் பட்டியலில் மட்டும் இருந்தது. மரப்பெட்டியைக் கண்டு மிரண்ட 1918-ஆம் ஆண்டு அறிக்கையின் வாரிசு என்று சொல்லத்தக்க அரசு, நாற்பது ஆண்டுகளில் அதை மறந்து, மறைப்பதை மட்டுமே பெரிய அச்சமாகக் கொண்டது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம்தான் இரு திசைகளையும் அடைத்தது: ஆயுத விதிகளில் குறிப்பிட்ட ஒரு வகைச் சுடுகருவியிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவது என்ற தொடர் ஆறாம் பிரிவில் சேர்ந்தது. மீறினால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். நம் விதிகளில் பிஸ்டலும் ரிவால்வரும் ஓர் உட்பிரிவு, பின்புறம் தோட்டா இடும் ரைஃபிள்கள் வேறோர் உட்பிரிவு. இடையே நிற்கும் கார்பைன் எதைச் சேரும் என்று வாதிடத் துணிபவர், ஏழு ஆண்டுகளைப் பணயம் வைத்து வாதிட வேண்டும். இலக்கியத் திறனாய்வில் வகைமைக் கலப்பைக் கொண்டாடுகிறோம். இங்கே அது குற்றம்.

விளையாட்டு விதியும் இதே பக்கம்தான் நிற்கிறது. உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் பிஸ்டல் போட்டிகளில் ஒரே கையால் பிடித்து, மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த பிரகாஷ் நஞ்சப்பா 50 மீட்டர் பிஸ்டலில் நின்றது அப்படித்தான். தோள்கட்டை எந்த நடுக்கத்தை நீக்குகிறதோ, அந்த நடுக்கத்தைப் பயிற்சியால் அடக்குவதே அங்கே போட்டி. பிஸ்டல் தோட்டாக் கார்பைனுக்குத் தனிப் பிரிவு வைத்த செயல்முறைப் போட்டிகள் அமெரிக்காவில் அண்மையில் வளர்ந்தவை. அவற்றின் விளம்பரங்கள்தாம் ஸ்ரீராம்புரத்துக் கைபேசி வரை வந்து சேர்கின்றன. அவற்றோடு அந்த நாட்டுச் சட்டம் வந்து சேர்வதில்லை.

அன்று அந்த மாணவனுக்கு நான் சொன்ன ஒரு சொல் ‘வேண்டாம்’. பிறகு ரோடா கதையைச் சொன்னேன். “பொட்டியேவா?” என்று கேட்டுச் சிரித்தான்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1914 முதல் 1920 வரையிலான தமிழ் இதழ்களில் ரோடா களவு, பாலசோர்ச் சண்டை பற்றிய செய்திகளைத் தொகுத்துவருகிறேன். ‘மவுசர்’ என்பதை அன்றைய தமிழ் எப்படி எழுதியது, அந்த மரப்பெட்டிக்கு யாராவது தமிழில் ஒரு பெயர் கொடுத்தார்களா என்பதே என் தேடல். நுண்படச் சுருள்களிலோ, ஊர் நூலகங்களின் பழைய கட்டுகளிலோ அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் இதழின் பெயரும் நாளும் குறிப்பிட்டுப் பின்னூட்டத்தில் இடுங்கள்.